காயலுக்கு மீசை வேண்டுமா?

ஆங்கிலத்தில் எந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எது சின்னதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வருடம் இல்லை, ஏறக்குறைய இருபது வருடம். அதுவும் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவளுக்கு. இதைச் சொன்னால் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இன்றும் யாரும் நம்புவதில்லை. சில நாள் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

போன மாதம் ஷப்னா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண்.

"பேச்சி சேச்சி, ஒரு டவுட்டு. 'காயல்'னு ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர் தானாவே பெரிய 'கே' போட்டு வச்சிருக்கு. அப்படியே விடட்டா?"

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"'ஷெல் பெட்ஸ் ஆஃப் காயல்'தானே?"

"அய்யோ, சேச்சிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எப்படித் தெரியாமல் இருக்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை. அவளே ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டாள். எதைப் போட்டாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு உங்கள் வேலை அனுபவத்தை எழுதுங்கள் என்று செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கடனும் தீரும். ஆபீசில் எல்லாரும் பேசியது மலையாளம். வாசிக்கிறவர்களுக்காகப் பாதியைத் தமிழாக்கி எழுதுகிறேன். எந்தப் பாதி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை. அம்மாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம் பழையகாயல். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ், வீட்டில் வார இதழ்களை எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டது. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் பள்ளியை நிறுத்தினேன். அவள் எழுந்தாள், நான் திரும்பிப் போகவில்லை. தோப்பும்படியில் டைப்ரைட்டிங் படித்தேன். கல்யாணம், இரண்டு குழந்தைகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சுக்கு கோடவுனின் மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்தபோது டைப் அடிக்க ஆள் தேடினார்கள். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "எஸ்.எஸ்.எல்.ஸி. உண்டல்லோ?"

தலையாட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு தலையாட்டலைப் பத்து வருடம் சுமந்தேன்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கு இங்கே உட்கார்ந்து பக்கம் அமைத்துக் கொடுப்போம். கட்டுரையின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும்: இந்தக் கட்டுரைக்காக யார் யாருடைய எழுத்தைப் படித்தேன், அதன் தலைப்பு என்ன, எந்த வருடம் வந்தது என்று. எழுதியவர் அதைத் தன் இஷ்டத்துக்கு அடித்து அனுப்புவார். ஒரு பத்திரிகைக்குப் பெயர், வருடம், தலைப்பு என்று வரிசை வேண்டும். இன்னொன்றுக்கு வருடம் கடைசியில் வேண்டும். ஒன்றுக்குத் தலைப்பில் எல்லா வார்த்தையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இன்னொன்றுக்கு முதல் வார்த்தையும் ஊர், ஆள் பெயர்களும் மட்டும் பெரிசு, மற்றதெல்லாம் சின்னது. இந்த ஒழுங்கையெல்லாம் லாடெக் என்கிற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு ஸ்டைல் கோப்பு உண்டு. நாங்கள் தலைப்பு, பெயர், வருடம் என்று தனித்தனிக் கட்டத்தில் நிரப்பிவிட்டால் போதும், வரிசையை அது மாற்றிக்கொள்ளும்.

போதும் என்று எழுதிவிட்டேன். போதவில்லை.

தமிழில் ராஜாவுக்கும் ரசத்துக்கும் ஒரே 'ர'தான். மலையாளத்திலும் அப்படித்தான். பெரிய ஆள் என்பதற்காக எழுத்து எழுந்து நிற்பதில்லை. ஆங்கிலத்தில் நிற்கிறது. ஆனால் இயந்திரத்துக்கு யார் பெரிய ஆள் என்று தெரியாது. "எல்லாம் சின்னதாக்கு" என்று சொன்னால் டர்க்கி நாட்டையும் சின்னதாக்கி வான்கோழி ஆக்கிவிடும். அதனால் எந்த வார்த்தை தலை குனியக் கூடாதோ அதற்கு இரண்டு பக்கமும் பிரேஸ் என்கிற அடைப்பு போட வேண்டும். பார்ப்பதற்கு மீசையைத் திருகிச் சாய்த்து வைத்தது போல இருக்கும். நாங்கள் மீசை என்றே சொல்வோம். "டர்க்கிக்கு மீசை வச்சோ?" "வச்சு." வெளியாள் யாராவது கேட்டால் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

மீசையை வார்த்தை முழுவதற்கும் வைக்க வேண்டும், முதல் எழுத்துக்கு மட்டும் வைக்கக் கூடாது என்பது ஷேணாய் சாரின் சட்டம். ஒற்றை எழுத்துக்கு வைத்தால் அது பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் நூலளவு தள்ளி நிற்கும். அந்த நூலளவு எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ஷேணாய் சார் எங்கள் மேலாளர். பக்கத்துச் செர்ளாயிக்காரர், வீட்டில் கொங்கணி பேசுகிறவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பென்சில், சுத்தமாக மழித்த முகம். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. தப்பு என்று சொன்னதும் இல்லை. அச்சடித்த தாளைக் கொண்டுவந்து நம் மேசையில் வைப்பார். பென்சிலின் கூர் இல்லாத பக்கத்தை ஒரு வரியில் ஊன்றுவார். பிறகு கேட்பார்: "உறப்பாணோ?"

நிச்சயமா என்று அர்த்தம். சரியாக இருக்கிற வரியிலும் கேட்பார், தப்பான வரியிலும் கேட்பார். எது எது என்று முகத்தில் தெரியாது. என்னைப் போன்ற பயந்த பிறவிக்கு இதைவிடத் திட்டு மேல். அம்மாவிடம் சொல்லி அழுதேன். "சாரு எப்பப் பாத்தாலும் உறப்பா, உறப்பான்னு கேக்காரும்மா."

தூத்துக்குடிப் பக்கம் உறப்பு என்றால் காரம். அம்மா கவலைப்பட்டாள். "நீ ஏன் அவருக்குக் கொழம்பு குடுக்க? கொங்கணிக்காரங்க தேங்கா ஊத்திச் சாப்புடுதவங்க. வயிறு தாங்குமா?"

முதல் அடி டி.என்.ஏ.வில் விழுந்தது. மூன்று எழுத்துக்கும் மீசை வைக்காமல் விட்டேன். இயந்திரம் மூன்றையும் சின்னதாக்கி, அது அப்படியே அச்சாகி, கட்டுரை எழுதியவர் வெளிநாட்டிலிருந்து கடிதம் போட்டார். ஷேணாய் சார் கடிதத்தை என் மேசையில் வைத்தார். அன்றைக்கு உறப்பாணோகூடக் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் எல்லாவற்றுக்கும் மீசை வைத்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் வெளியே ஒரு மீசை, உள்ளே இன்னொரு மீசை. முந்தானையில் இருந்து கொசுவம் வரை ஊக்கு குத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. அவிழவே அவிழாது. ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஷேணாய் சார் கோப்பைத் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழே, மறுபடி மேலே.

"பேச்சியம்மாள், இதில் முழுக்க மீசை. முகம் எவிடே?"

ஆபீஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு இன்னொரு பத்திரிகைக்கு எல்லாம் சின்னதாக வேண்டும் என்று வந்தால் இயந்திரம் எதைத் தொட முடியும் என்று கேட்டார். தொள்ளாயிரத்துச் சொச்சம் தலைப்புகளிலிருந்து மீசையை ஒவ்வொன்றாக மழித்தேன். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றேன்: நீ பெரிசா, சின்னவனா? பஸ்ஸில் போகும்போதும் அதே கேள்வி. கடைப் பலகையில் எல்லாம் பெரிய எழுத்து. கடைக்காரன் யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

என்னை அந்த ஆபீசில் நிலைக்க வைத்தது மீசை இல்லை, ஸ்டைல் கோப்பு. அந்தக் கோப்பை எழுதியிருக்கும் மொழி படித்தவர்களைக் குழப்பியது. பிஜு என்று ஒரு பையன், பி.ஏ. ஆங்கிலம், சூட்டிகை. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "இதை எழுதினவன் தலைகீழா நடக்கறவன். முதல்ல செய், பிறகு எதைன்னுதானே சொல்லணும்? இது எதை எதைன்னு சொல்லிக்கிட்டே போய்க் கடைசியில 'செய்'ங்குது" என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். தலைப்பு, சின்னதாக, மாற்று. பெயர், ஒழுங்குபடுத்து, வெளியே விடு. எனக்கு அதில் தலைகீழ் எதுவும் தெரியவில்லை.

"சோறு தின்னேன்னுதானே சொல்றோம்? தின்னேன் சோறுன்னா சொல்றோம்? இது நம்ம மாதிரித்தான் பேசுது" என்றேன்.

ஷேணாய் சார் பின்னால் நின்றிருக்கிறார். "கொங்கணியிலும் அப்படித்தான்" என்றார். பிறகு, வழக்கம் போல: "உறப்பாணோ?"

"உறப்பாணு சார்."

அன்றிலிருந்து வரிசை மாற்றுகிற வேலை என்னிடம் வந்தது. வருடத்தை முன்னால் கொண்டுவா, ஊரைக் கடைசியில் தள்ளு, பதிப்பாளரைத் தூக்கு. கோப்பில் இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று 'அவுட்புட்', வெளியே விடு. இன்னொன்று 'அவுட்புட்.செக்', சோதித்து வெளியே விடு. இரண்டாவதைப் போட்டால், அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போது இயந்திரம் எச்சரிக்கை எழுதும்: இன்ன ஆளுக்கு வருடம் இல்லை. முதலாவதைப் போட்டால் காலிக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். காற்புள்ளிகூட மிச்சம் வைக்காது. ஷேணாய் சார் எல்லாவற்றுக்கும் செக் போடுவார். "நமக்கு அறியாதது நமக்குத் தெரியணும்" என்பார்.

'உறப்பாணு' என்கிற பதிலும் அன்றிலிருந்து என் வாயில் ஒட்டிக்கொண்டது. தெரிந்தாலும் உறப்பாணு, தெரியாவிட்டாலும் உறப்பாணு. சந்தேகம் இருந்தால் எழுதியவருக்கே கேள்வி அனுப்பலாம், அதற்கு ஒரு தாள் உண்டு. பிஜு நாளுக்கு நாலு கேள்வி அனுப்புவான். நான் அனுப்பியதே இல்லை. அவன் கேட்டால் சந்தேகம். நான் கேட்டால் படிக்காதவள்.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், தரம் பார்க்க. மேற்கோள் பட்டியலில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரும் அனுபவமும் படிப்பும் தாளில் வேண்டும். படிப்பு போதாதவர்களை அந்த வேலையில் வைக்கக் கூடாது என்று பேச்சு. யார் சொன்னது என்று தெரியவில்லை, மாடிப்படியில் கேட்டது. ஷேணாய் சார் எல்லாரையும் கூப்பிட்டு, "திங்கள்கிழமை ஒவ்வொருவரிடமும் விவரம் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

பத்து வருடத் தலையாட்டல் திங்கள்கிழமை வெளியே வரும். வீட்டுக்காரருக்கு அப்போது தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் வேலை இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இந்த நாற்காலி போனால் மூத்தவளின் காலேஜ் போய்விடும். அது மட்டும் இல்லை. வேறு எங்கே போய் நான் இந்த வேலையைச் செய்வேன்?

அந்த வாரம்தான் 'காயல்' வந்தது.

கடல் சிப்பி பற்றிய கட்டுரை. பட்டியலில் நாற்பது வரி. ஒரு வரி மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. பழைய அறிக்கை ஒன்றின் அட்டையைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார்கள்: 'ஷெல் பெட்ஸ் ஆஃப் காயல்'. காயலின் சிப்பிப் படுகைகள். எல்லாம் பெரிசாக இருந்தால் எது பெரிசு என்று எப்படித் தெரியும்? அந்தப் பத்திரிகைக்கு ஊர்ப் பெயர் மட்டும் பெரிசு. எங்கள் வீட்டுக்குள் காயல் என்றால் ஊர். அம்மா "காயலுக்குப் போயிட்டு வாரேன்" என்று பை எடுப்பாள். வாசலைத் தாண்டினால் காயல் என்றால் தண்ணீர், வேம்பநாட்டுக் காயல். நான் யோசிக்காமல் மீசை வைத்தேன்.

பிஜு பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தான். "இதென்ன, காயலுக்கு மீசையா? காயல்னா தண்ணி, சேச்சி. ஜன்னலைத் திற, அதா கிடக்கு."

"காயல் ஊருப் பேரு. எங்க அம்மா ஊரு. சிப்பிக்கும் சங்குக்கும் பேர்போன கரை."

"ஓ! தூத்துக்குடிக்காரங்க கடலுக்கெல்லாம் பட்டா வாங்கியாச்சோ?"

"நீ எங்க காயலைப் பார்த்திருக்கியாடா?"

"சேச்சி எங்க காயலைப் பார்த்ததில்லையா? தினமும் அதும் மேல இருக்கற பாலத்துலதானே சாயா குடிச்சிட்டு நிக்கறீங்க!"

சிரிப்பு. பென்சில் வந்தது. வரியில் ஊன்றியது.

"ஊருதான். உறப்பாணோ?"

"உறப்பாணு சார்."

"எழுதினவருக்குக் கேள்வி அனுப்பணோ?"

"வேண்டாம் சார். உறப்பாணு."

இரண்டாம் முறை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது. அந்த வாரத்தில் நான் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். பிழை பார்த்த பிரதி திங்கள் சாயங்காலம் வெளிநாட்டுக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"லீவு நாள்ல எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"எறணாகுளம். லைப்ரரி."

"லைப்ரரியா? என்னத்துக்கு?"

"ஒரு எழுத்து பெரிசா சின்னதான்னு பாக்கணும்."

அவர் எழுந்து சட்டையை எடுத்தார். "பேச்சி, டாக்டர் யாரையாவது பாப்பமா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் பிடித்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனேன். நீ பெரிசா, சின்னவனா? அது ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்தில் ஒரு வயதான அம்மா அந்த அறிக்கையைத் தேடி எடுத்துத் தந்தார். தூசி தட்டித் திறந்தேன். அட்டையில் எல்லாம் பெரிய எழுத்து. உள்ளே முதல் பக்கத்திலும் எல்லாம் பெரிய எழுத்து. அடுத்த பக்கம் ஒரு வரைபடம். குமரகம், முகம்மா, தண்ணீர்முக்கம். தூத்துக்குடி இல்லை. வேம்பநாடு. சுண்ணாம்புக்காகக் கக்கா என்கிற சிப்பியை வாருகிற இடங்கள்.

பிஜு சொன்னது சரி. நான் இரண்டு முறை உறப்பாணு என்று சொன்னது தப்பு.

மூடப் போனவள், பழக்கத்தால் உள்ளேயும் புரட்டினேன். அங்கேதான் முழுதாகக் குழம்பிப் போனேன். அறிக்கை எழுதினவர் வேம்பநாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் காயல் என்று வருகிற இடத்தில் எல்லாம் பெரிய 'கே' போட்டிருக்கிறார், அதுதான் அந்தத் தண்ணீரின் பெயர் என்பது போல. பத்துப் பதினைந்து இடம் எண்ணினேன். ஒரு இடத்தில் மட்டும் சின்னது. அது அச்சுப்பிழையா, அல்லது மற்றதெல்லாம் அச்சுப்பிழையா?

அந்த அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மோளே, புஸ்தகம் எந்த அலமாரின்னு கேட்டா எனிக்குத் தெரியும். உள்ளே இருக்கறது எழுதினவரோடு கேளு."

"அவரு உயிரோட இருக்காரா?"

"அதும் எந்த அலமாரின்னு தெரியில்ல" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

திங்கள்கிழமை காலை நான்தான் முதலில் போனேன். ஷேணாய் சார் மேசையில் ஒரு பக்கம் அந்தக் கட்டுரை, இன்னொரு பக்கம் விவரம் எழுதுகிற தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: லைப்ரரி, வரைபடம், பெரிய 'கே', ஒற்றைச் சின்ன 'கே'.

"அப்போ ஊரில்லை. தண்ணி."

"ஆமா சார்."

"அப்போ மீசை வேண்டாம். உறப்பாணோ?"

வாய் உறப்பாணு என்று தொடங்கிவிட்டது. பாதியில் நின்றது. அந்தப் பக்கங்கள் கண் முன்னால் வந்தன.

"உறப்பில்ல சார்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இத்தனை வருடத்தில் இந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. மேசை இழுப்பறையில் இருந்து அந்தக் கேள்வித் தாளை எடுத்து, தானே எழுதினார், பிரதியோடு கட்டுரை ஆசிரியருக்குப் போக. மூடியைப் போட்டுப் பேனாவை வைத்துவிட்டு விவரத் தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

"பேச்சியம்மாள். மேற்கோள் பட்டியல், ஸ்டைல் கோப்பு. பத்து வருடம்." பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். "எஸ்.எஸ்.எல்.ஸி. உறப்பாணோ?"

நான் இன்னும் அந்தக் காயலுக்குள்ளேயே நின்றிருந்தேன்.

"உறப்பில்ல சார்" என்றேன்.

பென்சில் நின்றது. அவர் மெதுவாகத் தலையை உயர்த்தினார்.

"எஸ்.எஸ்.எல்.ஸி. பாஸானோமா இல்லையான்னு ஒரு ஆளுக்கு உறப்பில்லாம இருக்குமோ?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு, பாதியில், அம்மாவுக்கு உடம்பு, தலையாட்டினது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பத்து வருடம் தூக்கினது இரண்டு நிமிடம்தான் இருந்தது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எப்போதுதான் தெரிந்தது?

"சரி. போய் ஜோலி நோக்கு" என்றார்.

போகச் சொன்னாரா, வேலையை விட்டே போகச் சொன்னாரா? ஜோலி நோக்கு, வேலையைப் பார் என்றாரே. அப்படியானால் ஜோலி இருக்கிறது. இன்றைக்கு மட்டும் இருக்கிறதா? நாலு நாள் இப்படியே போனது. பிஜுவிடம் மட்டும், "காயல் தண்ணிதான்டா" என்று சொன்னேன். அவன் குதிப்பான் என்று பார்த்தேன். "லைப்ரரிக்குப் போனீங்களா? சனிக்கிழமையா?" என்று கேட்டு, சாயா வாங்கித் தந்தான்.

கட்டுரை ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி. அந்த அறிக்கையை அவர் பார்த்ததே இல்லை, வேறொருவர் பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டது, உங்களுக்கு எது சரியாகப் படுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்று. ஷேணாய் சார் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல்முறையாக இரண்டு பேரில் யாருக்கும் உறப்பில்லை.

"மீசை எடுத்துடு" என்றார். எடுத்தேன். சின்ன காயலாக அச்சானது.

அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், கூடச் சென்னையிலிருந்து ஒருவர். சுக்குத் தூசியில் அந்தப் பெண் மூன்று முறை தும்மினார். ஷேணாய் சார் ஒரு தாளை நீட்டினார். அதையும் லாடெக்கில்தான் அமைத்திருந்தார், மேற்கோள் பட்டியல் போலவே, ஒவ்வொரு ஆளும் ஒரு வரி. பெயர், வேலை, அனுபவம், கடைசியில் படிப்பு. பிஜுவின் வரி 'நான்கு வருடம், பி.ஏ.' என்று முடிந்தது. நான் தள்ளி நின்று என் வரியைத் தேடினேன். 'பத்து வருடம்' என்று இருந்தது. அதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி. தொங்குகிற காற்புள்ளி இல்லை, கோடு இல்லை, காலி இடம் இல்லை. வரியே அவ்வளவுதான் என்பது போல முடிந்திருந்தது.

அந்தப் பெண்ணின் விரல் வரிவரியாக இறங்கி என் வரியில் நின்றது. ஏதோ கேட்டார். ஷேணாய் சார், "ஸ்டைல் கோப்புகளை எழுதுவது இவர்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியானால் வருடத்தைக் கடைசிக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண். உட்கார்ந்தேன். ஒரு வரியை எடுத்துக் கீழே வைத்தேன். சரியாக வரும், நிச்சயமா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். இங்கேயும் அதே கேள்வி.

"ரன் பண்ணிப் பாக்கலாம்" என்றேன். ஓட்டினேன். வருடம் கடைசிக்குப் போனது, ஆனால் முன்னால் இரண்டு புள்ளி விழுந்தது. ஒன்றை எடுத்தேன். மறுபடி ஓட்டினேன். சரியாக வந்தது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். என் நாற்காலி என்னிடமே இருந்தது.

எல்லாரும் கீழே சாப்பாட்டுக்குப் போன நேரம், நான் ஷேணாய் சாரின் கம்ப்யூட்டரில் அந்தத் தாளின் ஸ்டைல் கோப்பைத் திறந்தேன். என் படிப்புக் கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். பொய் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பு என்றும் எழுதவில்லை. பெயர், அவுட்புட்.செக். வேலை, அவுட்புட்.செக். அனுபவம், அவுட்புட்.செக். படிப்பு, அவுட்புட். அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் மட்டும் செக் இல்லை.

மறந்திருப்பாரா? எதற்கும் செக் போடாமல் விடாத மனிதர். அல்லது அவசரமா? பிறகு அவரோடு சில வருடம் வேலை செய்தேன், அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டேன், இப்போதும் செர்ளாயி வழியாகப் போனால் எதிரே வருவார். ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்த வரியைப் பார்த்ததும் என் கை தானாகவே போய் விட்டுப்போன சொல்லை அடித்துவிட்டது. தப்பைக் கண்டால் திருத்துகிற கை. புள்ளி, செக். அடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது: இனி ஓட்டினால், பேச்சியம்மாளுக்குப் படிப்பு இல்லை என்று இயந்திரம் எச்சரிக்கை எழுதும். கோப்பை மூடினேன். செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் மூடுகிறீர்கள், நிச்சயமா என்று திரையில் கேள்வி வந்தது.

ஆமாம் என்பதை அழுத்தினேன்.